ஏழைகளின் சொத்து: பிரான்சியத் திருச்சபையின் செல்வமும் வரிவிலக்கும் (1561 – 1801)

ஐரோப்பிய வரலாற்றில் அரசுக்கும் திருச்சபைக்குமிடையே எழுந்த பிணக்குகளைச் சமயக் கோட்பாடு பற்றிய பிணக்குகளாக நோக்குவதே பெருவழக்காக இருந்து வந்துள்ளது. பாப்பரசரின் அதிகாரம் எதுவரை செல்லும், மேற்றிராணியாரை நியமிக்கும் உரிமை யாருக்குரியது என்பன போன்ற வினாக்களே ஆய்வாளரின் கவனத்தை முதலிற் கவர்ந்தன. ஆயினும், இப்பிணக்குகள் பலவற்றின் அடியில் மிக எளிமையான வேறொரு வினாவும் கிடந்தது. இறைவனுக்கென ஒருமுறை கொடுக்கப்பட்ட நிலம் அரசனுக்கு வரி செலுத்த வேண்டுமா என்பதே அது. இவ்வினா நீண்டகாலம் விவாதிக்கப்பட்டதும் இறுதியில் மிகக் கடுமையான முறையில் விடையளிக்கப்பட்டதுமான நாடு பிரான்சு ஆகும். அங்கு திருச்சபை தனது வரிவிலக்குக்குக் காட்டிய முதன்மையான நியாயங்களுள் ஒன்று ஏழைகளின் பெயரால் அமைந்தது. 1789இல் அதன் சொத்துக்கள் பறிக்கப்பட்டபோதும் அதே ஏழைகளின் பெயரே முன்வைக்கப்பட்டது. ஒரே நியாயம் இரு எதிரெதிர் முடிவுகளுக்கு எவ்வாறு உதவியது என்பதையும், அதனிடையே ஏழைகளுக்கு நேர்ந்தது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புரட்சிக்கு முற்பட்ட பிரான்சின் மக்கள் தொகை ஏறக்குறைய 28 மில்லியன். இவர்களுள் குருமாரும் துறவியரும் ஒன்றேகால் இலட்சத்துக்குச் சற்று முன்பின்னான தொகையினரே. எனினும் நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு 6 முதல் 10 வீதம் வரை அவர்களது உடைமையாக இருந்ததென வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். வடபகுதியில் இவ்வீதம் உயர்ந்தும் தென்பகுதியிற் குறைந்தும் காணப்பட்டது. இதனுடன் தசமபாகமும் சேர்ந்தது. பெயரளவில் விளைச்சலிற் பத்திலொன்று எனப்பட்ட இது நடைமுறையிற் பல இடங்களில் அதனினும் குறைவாகவே இருந்தது. ஆனால், விளைந்த கதிர்க்கட்டுகளை உழவன் வீட்டுக்குக் கொண்டுசெல்லுமுன் வயலிலேயே அறவிடப்பட்டமையால் ஏனைய வரிகளைக் காட்டிலும் இதுவே அவன் கண்ணுக்கு நேராகத் தெரிந்த சுமையாயிற்று.

தசமபாகம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. திருச்சபையின் வருவாயை மேற்றிராணியார், குருமார், தேவாலயப் பராமரிப்பு, ஏழைகள் என நான்கு கூறாக்க வேண்டும் என்பது ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சி செய்த பாப்பரசர் முதலாம் ஜெலாசியுசின் காலம் முதல் நிலவிய மரபாகும். ஊரில் விளைந்தது ஊரின் குருவையும் கோயிலையும் வறியோரையும் காக்கும் என்பது இம்மரபின் உட்பொருள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் இவ்வுட்பொருள் பெரிதும் சிதைந்திருந்தது. பல ஊர்களின் தசமபாகம் தொலைவிலிருந்த மடங்களுக்கும் பேராலயக் குருமார் குழுக்களுக்கும் சென்றது. சில இடங்களிற் பொதுநிலைப் பிரபுக்களின் கைகளுக்கே சென்றது. அவர்கள் ஊரிலுள்ள பங்குக் குருவுக்கு ஒரு நிலையான தொகையை மட்டும் கொடுத்தனர். 'தகுந்த கூறு' எனப் பெயர்பெற்ற அத்தொகை 1686இல் ஆண்டுக்கு 300 லீவராகவும், 1768இல் 500 லீவராகவும், 1786இல் 700 லீவராகவும் விதிக்கப்பட்டது. யாருக்குத் தகுந்தது என்பதைப் பெயர் சொல்லவில்லை. அதே காலத்தில் ஸ்திராஸ்பூர்க் மேற்றிராணியாராக இருந்த கர்தினால் றோஆனின் பதவி வருவாய் ஆண்டுக்கு 400,000 லீவர் எனக் கூறப்படுவதுண்டு.

மடங்களின் நிலையும் இதற்கு வேறானதன்று. 1516ஆம் ஆண்டின் பொலோஞ்ஞா உடன்படிக்கை மேற்றிராணியாரையும் மடாதிபதிகளையும் பெயர் குறிக்கும் உரிமையை அரசனுக்கு வழங்கியது. இதன் பயனாக, மடத்தின் வாசலையே மிதித்திராத அரசவைப் பிரபுக்களின் இளைய மைந்தர் மடாதிபதிகளாயினர். இத்தகைய மடங்களின் வருவாயை மூன்றாகப் பிரித்து ஒன்றை மடாதிபதியும், ஒன்றைத் துறவியரும் எடுத்துக்கொள்ள, மூன்றாவது கூறு கட்டடத் திருத்தம், தருமம் முதலிய பொதுச் செலவுகளுக்கென ஒதுக்கப்பட்டது. இந்த மூன்றாவது கூறும் பெரும்பாலும் மடாதிபதியின் கையாட்களாலேயே நிருவகிக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இத்துணைச் செல்வமும் நாட்டின் நேர்வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. குருமார் அரசனுக்கு எதுவுமே கொடுக்கவில்லை என்று இதனைப் பொருள் கொள்ளுதல் தவறாகும். 1561இல் சமயப் போர்களின் வாயிலில் நின்ற அரசு கடன் சுமையால் நலிந்திருந்தபோது, புவாசி என்னுமிடத்தில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி அரசனின் கடனைத் தீர்ப்பதற்குக் குருமார் ஒரு தொகையை வழங்க இணங்கினர். ஒருமுறை ஏற்பட்ட இவ்வேற்பாடு காலப்போக்கில் நிலைபெற்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடிய குருமார் பேரவை அரசனுக்கு ஒரு தொகையை வாக்களித்தது. அதற்கு 'விருப்புக் கொடை' என்று பெயர். நாட்டில் வரி செலுத்திய ஏனையோருட் பெரும்பாலோரிடம் அவர்களது விருப்பம் வினாவப்படவில்லை என்பதை இங்கு நினைவுகூரலாம். 1695இல் எல்லா வகுப்பினர் மீதும் விதிக்கப்பட்ட தலைவரியிலிருந்தும் 1710இல் ஒரே தடவையாக 24 மில்லியன் லீவரைச் செலுத்தி அவர்கள் நிரந்தர விலக்கைப் பெற்றுக்கொண்டனர்.

கொடைப்பணம் எங்கிருந்து வந்தது என்பதும் நோக்கத்தக்கது. பேரவை பெரும்பாலும் கடன் வாங்கியே அதனைச் செலுத்தியது. அரசனை நம்பாத முதலீட்டாளர் திருச்சபையை நம்பினர். ஆகவே குறைந்த வட்டியிற் பணம் கிடைத்தது. அக்கடனுக்கான வட்டியைக் குருமார் தமக்குள்ளே பகிர்ந்து செலுத்தினர். அவ்வாறு பகிரும்போது மேற்றிராணியார்களும் பெருமடங்களும் செலுத்த வேண்டிய அளவுக்குக் குறைவாகவும், பங்குக் குருமார் தம் சக்திக்கு மீறியும் செலுத்த நேர்ந்ததென்பது பங்குக் குருமார் தொடர்ந்து எழுப்பிய முறைப்பாடாகும். பேரவையில் அவர்களுக்குக் குரல் இருக்கவில்லை.

இவ்விடத்தில் மற்றைய பக்கத்தையும் நடுநிலையுடன் நோக்குதல் வேண்டும். திருச்சபையின் தருமம் வெறும் பொய்ப்புனைவன்று. 1633இல் வின்சென்ற் டி போலும் லூயிஸ் டி மரிலாக்கும் நிறுவிய தருமப் புதல்வியர் சபையினர் மடச்சுவர்களுக்குள் அடைபடாது மருத்துவமனைகளிலும் ஊர்களிலும் நோயாளரைப் பராமரித்தனர். 1720இல் மார்செயில் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது மேற்றிராணியார் பெல்சுன்ஸ் நகரை விட்டு நீங்காது நோயாளரிடையே நடமாடினார். பஞ்ச காலங்களில் மடங்களின் வாசல்களில் உணவு வழங்கப்பட்டது. 700 லீவருடன் காலந்தள்ளிய பங்குக் குருவின் சமையலறையே பல ஊர்களில் வறியோரின் இறுதிப் புகலிடமாக இருந்தது. இருந்தும் இத்தருமம் மடமிருந்த இடத்தில் மிகுதியாகவும் இல்லாத இடத்தில் இல்லாமலும் அமைந்தது. தேவையை அளந்து அது செல்லவில்லை. பரிசிலிருந்த பெரிய மருத்துவமனையான ஒத்தெல்-டியூவின் நிலை பற்றி 1788இல் மருத்துவர் தெனோன் வெளியிட்ட ஆய்வு, ஒரே கட்டிலில் நால்வரும் அதற்கு மேற்பட்டோரும் கிடத்தப்பட்டிருந்ததைக் காட்டிற்று. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சின் வறியோர் பற்றி 1974இல் நூலெழுதிய ஒல்வென் ஹவ்ற்றன், அவர்கள் பருவகால இடப்பெயர்ச்சி, சில்லறைத் தொழில்கள், இரத்தல் எனக் கிடைத்ததையெல்லாம் ஒட்டுப்போட்டே உயிர் வாழ்ந்தனர் எனவும், முறையான தருமம் அவர்களது தேவையிற் சிறிதளவையே நிறைவேற்றியது எனவும் எடுத்துக்காட்டுவார்.

அப்படியாயின் திருச்சபையின் வருவாயில் ஏழைகளுக்குச் சென்றது எவ்வளவு? இவ்வினாவுக்கு விடை காணக்கூடிய வாய்ப்பு ஒருமுறை கிட்டியது. அவ்வாய்ப்பு தவறவிடப்பட்டமையே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம்.

1748இல் ஒஸ்திரிய வாரிசுரிமைப் போர் முடிவடைந்தபோது பதினைந்தாம் லூயியின் திறைசேரி பெருங்கடனில் மூழ்கியிருந்தது. நிதிப் பொறுப்பிலிருந்த மஷோ டார்னுவில் 1749 மே மாதத்தில் 'இருபதிலொன்று' என்னும் வரியை அறிமுகம் செய்தார். பிரபு, குடியானவன் என்ற வேறுபாடின்றி எல்லா வருமானத்தின் மீதும் விழுமாறு அது வகுக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஓகஸ்ற்றில் திருச்சபையும் அதனையொத்த நிறுவனங்களும் அரசனின் அனுமதியின்றி நிலம் சேர்ப்பதைத் தடுக்கும் ஆணையும் பிறந்தது. நிறுவனத்தின் கைக்குச் சென்ற நிலம் விற்பனைக்கோ வாரிசுப் பிரிவினைக்கோ ஒருபோதும் திரும்புவதில்லை என்பதால் பிரான்சியர் அதனை 'இறந்த கை' என அழைத்தனர். மறுவருடம் ஓகஸ்ற்றில், குருமார் அனைவரும் தத்தம் சொத்துக்களையும் வருவாயையும் ஆறு மாதங்களுக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டுமெனப் பணிக்கப்பட்டது.

குருமார் பேரவை கொதித்தெழுந்தது. பணம் கேட்டமையைக் காட்டிலும் கணக்குக் கேட்டமையே அதனைச் சினங்கொள்ளச் செய்ததென்பது பின்வந்த நிகழ்ச்சிகளால் விளங்குகின்றது. இச்சொத்து எமது சொத்தன்று. இறைவனுக்கும் அவரது பணியாளருக்கும் ஏழைகளுக்கும் உரியது. எமக்குரியதல்லாததை வரியாகக் கொடுப்பதற்கு எமக்கு உரிமையில்லை என்பதே அன்னாரின் வாதத்தின் சாரமாகும். 1750 செப்ரெம்பரில் அரசன் பேரவையைக் கலைத்து மேற்றிராணியாரைத் தத்தம் மறைமாவட்டங்களுக்குத் திருப்பியனுப்பினான். வோல்த்தேயர் அவ்வாண்டிலேயே மஷோவுக்குச் சார்பாக ஒரு சிறு பிரசுரத்தை எழுதி வெளியிட்டார். ஆனால், அரசவையிலும் அரச குடும்பத்திலும் குருமாருக்கிருந்த செல்வாக்கு வென்றது. 1751 திசெம்பரில் அரசன் தனது கட்டளையை நிறுத்திவைத்தான். 1755இற் கூடிய பேரவை தயக்கமின்றி 16 மில்லியன் லீவரைக் கொடையாக வழங்கிற்று. தமக்குள்ளே வரிப்பகிர்வுக்கென வருவாய் மதிப்பீடுகளை அவர்கள் செய்துகொண்டனர். அரச அலுவலரின் பார்வைக்கு அவற்றை வைக்க மட்டும் இசையவில்லை.

அரச அலுவலரிடம் ஏடுகளைக் காட்டினால் வரி தொடர்ந்து வரும் என அவர்கள் அஞ்சியது நியாயமே. ஆயினும் அம்மறுப்புக்கு ஒரு விலை இருந்தது. தருமத்தின் பெயரால் விலக்குக் கேட்டவர்கள் தருமத்தின் அளவைக் காட்டவில்லை. ஆகவே நாற்பதாண்டுகளின் பின்னர், திருச்சபையின் சொத்துப் பறிபோனால் ஏழைகள் இழப்பது எவ்வளவு என்று எடுத்துரைக்க விரும்பியோரின் கைகளிலும் கணக்கெதுவும் இருக்கவில்லை.

இதனிடையே அறிஞர் உலகின் கருத்தும் மாறிவந்தது. 1757இல் வெளிவந்த கலைக்களஞ்சியத் தொகுதியில் தியூர்கோ எழுதிய கட்டுரை, நிரந்தர அறக்கொடைகளின் அடிப்படையையே வினாவுக்குட்படுத்தியது. இறந்தவரின் விருப்பம் உயிருள்ளோரின் தேவையை என்றென்றைக்கும் கட்டிவைக்க முடியாது. பொதுநலனே அறக்கட்டளைகளுக்கு மேலான சட்டம் என்பது அவரது நிலைப்பாடு. பிற்காலத்திற் பலரும் எடுத்தாண்ட ஆயுதமாக இது அமைந்தது.

1788இல் அரசின் செலவில் ஏறக்குறைய அரைப்பகுதி கடன் வட்டிக்கே சென்றது. அவ்வாண்டு அரசு குருமாரிடம் 8 மில்லியன் லீவர் கேட்டது. பேரவை கொடுக்க இசைந்ததோ 1.8 மில்லியனே. மறுவருடம் மூன்று வகுப்பாரின் பொதுப் பேரவை கூட்டப்பட்டபோது ஊர்கள்தோறும் எழுதப்பட்ட முறைப்பாட்டு ஏடுகளில், தசமபாகத்தை ஊரின் குருவுக்கும் கோயிலுக்கும் ஏழைகளுக்கும் திருப்பித் தருமாறு கேட்ட ஊர்கள் பல. சமயத்தை ஒழிக்குமாறு அவ்வேடுகள் கேட்கவில்லை. குருமார் வகுப்பின் பிரதிநிதிகளில் மூன்றிலிரு பங்கினர் அளவில் பங்குக் குருமாராக இருந்தமையும், அவர்களுட் பலரின் துணையுடனேயே அவ்வகுப்பு 1789 யூனில் மூன்றாம் வகுப்பாருடன் இணைய வாக்களித்தமையும் இவ்வுணர்வின் வெளிப்பாடுகளாம்.

ஓகஸ்ற் 4ஆம் திகதி இரவு தொடங்கிய பரபரப்பில், 11ஆம் திகதியளவில் தசமபாகம் நட்டஈடின்றி ஒழிக்கப்பட்டது. ஏழைக் குடியானவனின் வெற்றியாக இது பேசப்பட்டபோதும், குருவாகவும் மூன்றாம் வகுப்பின் பேச்சாளராகவும் விளங்கிய சியேஸ் இதனை வன்மையாக எதிர்த்தார். நன்மையடையப்போவது உழவன் அல்லன், நிலவுடைமையாளனே என்பது அவரது கணிப்பு. அது பொய்க்கவில்லை. பின்னர் நிலவுடைமையாளர் தசமபாகத்தின் பெறுமதியைக் குத்தகையுடன் சேர்த்து அறவிடச் சட்டமே இடமளித்தது.

ஒக்ரோபர் 10ஆம் திகதி திருச்சபைச் சொத்து முழுவதையும் தேசத்தின் பயன்பாட்டுக்கு எடுக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. முன்வைத்தவர் ஓதன் நகர மேற்றிராணியார் தலேறான். 1780 முதல் 1785 வரை குருமாரின் தலைமை முகவராகப் பணிபுரிந்து இதே சொத்துக்களையும் சலுகைகளையும் அரசிடமிருந்து காத்து நின்றவரும் இவரே. அவரது வாதம் புதியதன்று. குரு தன் கண்ணியமான வாழ்வுக்குத் தேவையானதற்கே உரியவன். எஞ்சியது ஏழைகளுக்கும் கோயிலுக்கும் உரியது. அக்கடமைகளைத் தேசம் ஏற்றுக்கொண்டால் கொடையாளரின் விருப்பம் நிறைவேறிவிடும் என அவர் கூறினார். 1750இல் வரிவிலக்குக்குக் கேடயமாகத் தூக்கிய வாசகம் 1789இல் பறிமுதலுக்கு வாளாயிற்று. 'எமது சொத்தன்று' என்று கூறியோரிடம் 'ஆம், உமதன்று' என்று மிறாபோவும் ஏனையோரும் விடையிறுத்தனர். மதகுரு மொறி, இன்று எமது உடைமையைப் பறிப்போர் நாளை எவரது உடைமையையும் பறிப்பர் என எச்சரித்ததோடு, ஆதாயம் பெறப்போவோர் அரசுக்குக் கடன் கொடுத்த பணமுதலைகளே என்றும் சாடினார். அவரது பேச்சில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் தசமபாகத்தைச் செலுத்தி வந்தவனின் செவியில் அது ஏறுவதற்குக் காலம் கடந்துவிட்டது.

நவம்பர் 2ஆம் திகதி 346 வாக்குகளுக்கு எதிராக 510 என்ற அளவில் யோசனை நிறைவேறியது. வழிபாட்டுச் செலவு, குருமாரின் பராமரிப்பு, ஏழைகளின் நிவாரணம் ஆகிய மூன்று பொறுப்புக்களையும் தேசம் ஏற்றுக்கொண்டது. பங்குக் குருவுக்கு வீடும் தோட்டமும் நீங்கலாகக் குறைந்தது 1,200 லீவர் என ஒரு தொகையும் குறிக்கப்பட்டது. ஏழைகளுக்கெனத் தொகை எதுவும் குறிக்கப்படவில்லை. திருச்சபை அரை நூற்றாண்டாகக் காட்டாத கணக்கைத் தேசிய சபையும் கேட்டுப் பார்க்கவில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது. 1790 ஏப்பிரலில் எய்க்ஸ் அதிமேற்றிராணியார் புவாஷ்லன், சொத்தை விட்டுவைத்தால் 400 மில்லியன் லீவர் கடன் திரட்டித் தருவதாக முன்வந்தார். இரண்டாண்டுகளுக்கு முன் 8 மில்லியன் கேட்டபோது மறுத்த குருமாரின் சார்பில் வந்த அச்சலுகையைச் சபை ஏற்கவில்லை.

நிலங்கள் ஏலத்தில் விடப்பட்டன. அவற்றைப் பிணையாகக் கொண்டு 'அசிஞா' என்னும் பத்திரங்கள் அச்சிடப்பட்டு, விரைவிலேயே காசாகப் புழங்கின. முதலில் 12 ஆண்டுத் தவணை வழங்கப்பட்டது. அசிஞாவின் பெறுமதி வீழ வீழ, நிலம் வாங்கியோர் பிந்திய தவணைகளைக் கடதாசி விலைக்கே கட்டி முடித்தனர். நகரத்து முதலாளிகளும் வசதிபெற்ற குடியானவர்களுமே பெரும்பான்மையாக வாங்கினர். வடபிரான்சின் நோர் மாவட்டத்தில் குடியானவர் கணிசமான நிலத்தைப் பெற்றனர் என 1924இல் ஜோர்ஜ் லெபேவ்ர் தமது விரிவான ஆய்வினால் நிறுவியிருப்பதால், ஏலம் முழுவதும் செல்வர்களுக்கே சென்றது எனப் பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. ஆனால், கையிற் பணமற்ற கூலியாளன் எவ்விடத்திலும் ஏலத்தில் நிற்கவில்லை.

ஏழைகளுக்களித்த வாக்குறுதி முற்றாக மறக்கப்பட்டதென்று சொல்வதும் நேர்மையாகாது. 1790இல் லா றொஷ்பூக்கோ-லியான்கூர் தலைமையில் இரப்போர் நிலையை ஆராயும் குழுவொன்று அமைக்கப்பட்டது. உதவி பெறுதல் வறியவனின் உரிமை, அதனை வழங்குதல் சமுதாயத்தின் கடன் என்னும் கருத்தை அது தெளிவாக வகுத்தது. பிச்சையாக இருந்ததை உரிமையாக்கிய இக்கருத்து பிற்காலச் சமூகநலக் கொள்கைகளுக்கு முன்னோடியாகும். 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பொது உதவி நிறுவனமொன்றை வாக்களித்தது. 1793இன் உரிமைப் பிரகடனம் பொது உதவியைப் புனிதமான கடன் என்றது. ஆனால் 1792இல் போர் தொடங்கிவிட்டது. திறைசேரியின் பணம் எல்லையை நோக்கிச் சென்றது.

மருத்துவமனைகள் தசமபாகத்தையும், நிலமானிய வருவாயையும், நகர வாயில் வரிகளில் தமக்கிருந்த பாகத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்தன. 1792 ஓகஸ்ற்றில் தாதியராய்ப் பணிபுரிந்த சபைகளும் கலைக்கப்பட்டன. கன்னியர் தனியாட்களாகப் பணியைத் தொடரலாம் என்று மட்டும் இடமளிக்கப்பட்டது. 1794 யூலையில் மருத்துவமனைகளின் சொத்துக்களே தேசிய உடைமையாக்கப்பட்டன. மறுவருடம் அவற்றின் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. 1796 ஒக்ரோபரில் விற்காது எஞ்சியவை திருப்பியளிக்கப்பட்டன. அடுத்த மாதம் ஊர்தோறும் தரும அலுவலகங்களை நிறுவும் சட்டம் வந்தது. அதற்கான பணத்தை எங்கே தேடுவதென்று ஆராய்ந்தவர்கள் நாடகக் கொட்டகைகளை நாடினர். நுழைவுச் சீட்டின் விலையிற் பத்திலொன்று ஏழைகளுக்கென மேலதிகமாக அறவிடப்பட்டது. வயலிலிருந்து நீக்கப்பட்ட பத்திலொன்று அரங்கின் வாசலில் மீண்டும் தோன்றியது.

1800 திசெம்பரில் உள்நாட்டு அமைச்சர் ஷப்தால் தருமப் புதல்வியர் மீண்டும் இளம்பெண்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்க அனுமதியளித்தார். மறுவருடம் நெப்போலியன் பாப்பரசருடன் உடன்படிக்கை செய்துகொண்டான். அதன் 13ஆம் உறுப்புரை, திருச்சபை நிலங்களை வாங்கியோர் எக்காலத்தும் தொந்தரவு செய்யப்படமாட்டார் என உறுதியளித்தது. 14ஆம் உறுப்புரை மேற்றிராணியாருக்கும் பங்குக் குருமாருக்கும் தகுந்த சம்பளத்தை அரசு வழங்கும் என்றது. 1789 நவம்பரில் தேசம் ஏற்ற மூன்று பொறுப்புக்களுள் மூன்றாவதைப் பற்றி அவ்வுடன்படிக்கையின் 17 உறுப்புரைகளில் எதுவும் பேசவில்லை.